நாளுக்கொரு பாவம்

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு ஆளுக்கு ஒரு பாவம் வேண்டும். இரண்டு இருந்தால் விசேஷம். ஒன்றுமே இல்லையென்றால்தான் வம்பு.

எங்கள் வீடு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். வீடு மாமாவுடையது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். கையில் சின்னப் பித்தளைச் சுத்தியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டைலாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். 'ணங்' என்றால் முதல் ரகம். 'டொக்' என்றால் உள்ளே விரிசல், ஒதுக்கிவிடுவார். பதினெட்டு வருடம் இதையே செய்ததில், உலகத்தில் எதையும் தட்டிப் பார்த்து ரகம் சொல்லிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கடையில் தர்பூசணியைத் தட்டுவார். வீட்டில் பிள்ளைகளின் தலையைத் தட்டுவார். எங்கள் வீட்டுத் தரை முழுக்க அவர் ஒதுக்கிய டைல்கள்தான். நீலப் பூ போட்டது பத்து, பழுப்பு இருபது, ஓரம் உடைந்த வெள்ளை மீதி. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

நான் வாய் திறப்பதே இல்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள், மயங்கி விழுந்தேன். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அக்கா ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இரண்டு மாதம் இருந்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தாள். மூன்று வருடம் ஆகிறது. மாமா எனக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர் வைத்திருக்கிறார். அதில் ஒரு வசதி, ஏழு மணிக்கு என்னிடம் யாரும் பாவம் கேட்பதில்லை.

பாட்டு ஒன்று, வசனம் ஒன்று, பிறகு பாவம். இதுதான் குடும்ப ஜெபத்தின் வரிசை. ஏதோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து மாமா ஆரம்பித்த வழக்கம். அன்றைக்குச் செய்த தப்பை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் தண்டனை சிறியது. 'இன்னிக்கு ஒண்ணும் பண்ணல' என்று சொன்னால் அது பெருமை. பாவங்களிலேயே பெரிய பாவம். அதற்குச் சுவரைப் பார்த்து அரைமணி நேரம் நிற்க வேண்டும்.

முதலில் மாமா சொல்வார். கண்ணை மூடி, குரலைத் தழைத்து, "ஆண்டவரே, இன்னிக்கு நான் இன்னும் கொஞ்சம் அதிகமா ஜெபிச்சிருக்கணும்" என்பார். மூன்று வருடமாக அவர் செய்த ஒரே பாவம் இதுதான். அடுத்து அக்கா, "கோபப்பட்டேன்" என்பாள். யார் மேல் என்று மாமா கேட்டதில்லை.

பெரியவளுக்கு எட்டு வயது, கெட்டிக்காரி. பள்ளிக்கூட அட்டவணை மாதிரி வைத்திருக்கிறாள். திங்கள் பொறாமை, செவ்வாய் சோம்பல், புதன் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியது, வியாழன் பாலைக் கொட்டியது, வெள்ளி எதிர்த்துப் பேசியது. சனிக்கிழமை விருப்பப் பாடம். ஒரு வருடமாக இதே சக்கரம் சுற்றுகிறது. காதைச் சாய்த்தே விரிசலைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது கேட்கவில்லை.

சின்னவனுக்கு ஐந்து வயது. அவனால்தான் முடியவில்லை. பள்ளி நேரம் போக எறும்பின் பின்னால் நடப்பான், செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவான், தூங்குவான். இதில் எங்கிருந்து பாவத்தைத் தேடுவது? ஏழு மணி நெருங்கினால் முகம் சுருங்கிவிடும். வாரத்தில் நான்கு நாள் சுவரைப் பார்த்து நின்றான். ஒருநாள் நின்றபடியே கால்சட்டையை நனைத்துவிட்டான். "அப்பாடா, நாளைக்கு இது ஒண்ணு இருக்கு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

அன்றிலிருந்து நான் அவனுக்குப் பாவம் கொடுக்க ஆரம்பித்தேன்.

பாவம் தைப்பதும் சட்டை தைப்பது போலத்தான். ஆளுக்கு அளவாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் பிரம்பு. சிறிதாக இருந்தால் மாமா நம்பமாட்டார். 'அக்காவோட பென்சிலைக் கடிச்சேன்.' 'கை கழுவாமலே கழுவினேன்னு சொன்னேன்.' 'ஜெபத்துல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.' கடைசியாகச் சொன்னதற்கு மாமா உருகிப்போய் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் சின்னவன் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிஸ்கட் கேட்கிற அதே குரலில் கேட்பான்: "சித்தி, இன்னிக்கு என்ன பாவம்?"

பால் குடிக்கிற நேரத்தில் மனப்பாடம் செய்துவிடுவான்.

"சித்தி, நேத்து குடுத்தது நல்லா இருந்துச்சு. இன்னிக்கும் அதே மாதிரி குடுங்க."

"அதே மாதிரி குடுத்தா மாட்டிக்குவடா."

"அக்கா மட்டும் அதையே சொல்றா?"

"உங்கக்கா பெரிய ஆளு. நீ கத்துக்குட்டி."

இது இப்படியே போயிருக்கும். ஆனால் சபையில் பெற்றோர் வகுப்பு என்று ஒன்று தொடங்கப்போகிறார்கள் என்ற சேதி வந்தது. பிள்ளைகளைக் கர்த்தருடைய வழியில் வளர்ப்பது எப்படி என்று மாதம் ஒருமுறை ஒருவர் மைக் பிடித்துப் பேச வேண்டும். அது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. மாமாவுக்கு மைக் என்றால் உயிர். சபையில் அறிவிப்பு வாசிக்க அழைத்தாலே, வாசித்து முடித்த பிறகும் இரண்டு நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அன்றிலிருந்து வீட்டில் நடப்பதெல்லாம் வகுப்புக்கு உதாரணமாகிவிட்டது. சின்னவன் தும்மினால்கூட ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை. சின்னவன் வந்து கட்டிலருகே நின்றது தெரிந்தது. "சித்தி, பாவம்" என்றான். பெரியவள், "சித்திக்கு உடம்பு சரியில்ல, வாடா" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவளிடம் ஒன்று கடன் கேட்டிருக்கிறான். "என்கிட்ட செவ்வாய்க்கு ஒண்ணுதான் இருக்கு, போ" என்றுவிட்டாளாம்.

அதே நாளில் மாமாவின் பித்தளைச் சுத்தியல் காணாமல் போனது.

பாட்டு இல்லை, வசனம் இல்லை. அன்றைக்கு நேராகப் பாவம்தான்.

"இந்த வீட்டுல இருக்கிற ஒருத்தர் என் சுத்தியலை எடுத்திருக்காங்க. யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவங்க வாயால வரட்டும்னு பார்க்கிறேன்."

அக்கா, "எங்கயாவது வெச்சிட்டு மறந்திருப்பீங்க. நல்லா தேடிப் பாருங்க" என்றாள்.

"நான் மறக்கிற ஆளா? பதினெட்டு வருஷத்துல ஒரு டைல் தப்பா அனுப்பியிருப்பேனா?"

பெரியவள் சோம்பலைச் சொல்லி முடித்தாள். சின்னவனின் முறை வந்தது. அவனிடம் ஒன்றுமே இல்லை. எதிரே சுவர். வீட்டிலோ ஒரு பாவம் ஆளில்லாமல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அவன் அதை எடுத்துக்கொண்டான்.

"நான்தான்ப்பா எடுத்தேன்."

"எங்க வெச்ச?"

அதை யோசிக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "சாக்கடையில போட்டுட்டேன்" என்றான்.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று காய்ச்சலிலும் எழுந்து கதவருகே வந்தேன். கோபம் கொஞ்சமும் இல்லை. லாட்டரி விழுந்த முகம். "பார்த்தியா? அடிக்கல, மிரட்டல. தானா வந்துச்சு!" என்று அக்காவிடம் சொன்னார். பிறகு கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு எதிரே சாக்கடை மூடியைத் தூக்கி, நீளக் கம்பியால் அரைமணி நேரம் கிளறினார். தெருவே வந்து நின்று பார்த்தது. "என்னங்க தேடுறீங்க?" என்று ஒவ்வொருவரும் கேட்க, "என் பையன் ஒரு பொருளைத் திருடிட்டான். ஆனா அவனே ஒத்துக்கிட்டான்" என்று ஒவ்வொருவரிடமும் மகிழ்ச்சியோடு சொன்னார். ஒரு செருப்பும் ஒரு பொம்மைக் கையும் கிடைத்தன.

அன்றே பாஸ்டருக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஆராதனை. அதில் சின்னவன் மேடையேறி, திருடியதையும் ஒத்துக்கொண்டதையும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பிறகு மாமா பேச வேண்டும். வகுப்பு யாருக்கு என்று அதன்பின் கேட்கவே வேண்டாம்.

சாட்சிக்கு அதுவே போதும் என்று அந்த வாரம் ஏழு மணிக்கு அவனிடம் வேறு பாவம் கேட்கவில்லை. புதன்கிழமை சின்னவன் ஒன்றும் நினைக்கவில்லை. வியாழக்கிழமை எதிர்வீட்டு அம்மாள், தன் பிள்ளையோடு விளையாடப் போனவனை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள வராதப்பா, இங்கயே விளையாடு" என்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒரு அழிரப்பர் காணாமல் போனது. டீச்சர் முதலில் இவன் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். மாலையில் வந்து உட்கார்ந்தான். பாவம் கேட்கவில்லை. பாலும் கேட்கவில்லை. தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"சித்தி, நான் நெஜமாவே எடுத்தேனா?"

"நீ எடுக்கலடா."

"இல்ல சித்தி. எடுத்துட்டு மறந்துட்டேன்னு நெனைக்கிறேன். அப்பாவுக்குத் தெரியும்னு சொன்னாருல்ல."

அதுவரை எனக்கு மாமா ஒரு வேடிக்கை. அந்த நிமிடத்திலிருந்து வேடிக்கை இல்லை.

சனிக்கிழமை காலை, ஆராதனைக்குப் பளபளவென்று போக வேண்டும் என்று மாமா ஸ்கூட்டரைக் கழுவினார். நான் சமையலறை ஜன்னலோரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இருக்கையைத் தூக்கி, உள்ளே கிடந்த மழைக்கோட்டை எடுத்து உதறினார். அதற்குள்ளிருந்து சுத்தியல் 'ணங்' என்று தரையில் விழுந்தது. முதல் ரகச் சத்தம்.

மாமா தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நான் தெரிந்தேன். ஊமைக்குக் கண்ணும் கிடையாது என்பது அவர் எண்ணமாக இருக்க வேண்டும். சுத்தியலைத் துடைத்து பனியனுக்குள் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். முக்காலி இழுபடுகிற சத்தம். பரண்மேல் பழைய ஷூ பெட்டி திறந்து மூடுகிற சத்தம். பிறகு வெளியே போய், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தைத் தேய்த்தார்.

ஏழு மணி வரை பொறுத்தேன். அவர் சொல்லிவிடுவார் என்று கொஞ்சம் நம்பினேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் கண்ணை மூடினார், குரலைத் தழைத்தார்.

"ஆண்டவரே, இந்த வாரம் இந்தக் குடும்பத்துக்காக நான் இன்னும் கண்ணீரோட ஜெபிச்சிருக்கணும்."

அக்காவைச் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். "அக்கா, சுத்தியல் கிடைச்சிருச்சு. பரண்மேல வெச்சிருக்காரு."

அக்கா கை நனைய நனைய நின்றாள். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. "நாளைக்கு ஒருநாள் முடியட்டும்டி. அவரு எவ்வளவு ஆசையா இருக்காரு. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"சின்னவன்?"

"சின்னப் பிள்ளை. மறந்திடுவான்."

மருத்துவமனையில் வலியோடு வருகிறவர்களுக்கு எண் போட்ட அட்டையைக் கொடுத்து, உட்காருங்கள், கூப்பிடுவோம் என்று சொல்கிறவள் அவள். வீட்டிலும் அதே அட்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டேன். கழுத்துப் பித்தானுக்கு வந்தபோது, ஐந்து நாளுக்குப் பிறகு கேட்டான்.

"சித்தி, இன்னிக்கு என்ன பாவம்?"

"பொய்" என்றேன். "நீ சுத்தியலை எடுக்கல. எடுத்தேன்னு சொன்ன பாரு, அதுதான் பொய். அதுதான் இன்னிக்குப் பாவம்."

உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "இது கஷ்டமா இருக்கு சித்தி."

"ஆமா. ஏன்னா இது நெஜம்."

சபையில் நான் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில், குடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டுகள் முடிந்தன. மாமா மேடையேறினார். சாட்சிக்கு முன்னுரை மட்டும் பத்து நிமிடம். தட்டிப் பார்த்தால்தான் டைலின் தரம் தெரியும், கேட்டுப் பார்த்தால்தான் பிள்ளையின் தரம் தெரியும் என்றார். முன்வரிசைத் தலைகள் ஆடின. பிறகு சின்னவனை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, மைக்கை அவன் வாயருகே வளைத்தார். தோளில் ஒரு கை வைத்துக்கொண்டார்.

"சொல்லுப்பா. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு. நீ என்ன பாவம் பண்ணின?"

"பொய் சொன்னேன்."

"திருடினேன்னு சொல்லணும். முதல்ல திருடினேன், அப்புறம் ஒத்துக்கிட்டேன்."

"இல்லப்பா. நான் திருடல. திருடினேன்னு சொன்னதுதான் பொய். எனக்கு அன்னிக்குப் பாவமே கிடைக்கல. அதான் அதை எடுத்துக்கிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "கிடைக்கலன்னா என்ன கண்ணு?"

"தினமும் சித்தி குடுப்பாங்க ஐயா. அன்னிக்குச் சித்திக்குக் காய்ச்சல்."

சிரிப்பு பெஞ்ச் பெஞ்சாகப் பின்னால் வந்தது. அதோடு தலைகளும் திரும்பின. முழுச் சபையும் குடைகளைப் பார்த்தது.

மாமா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "சபையார் மன்னிக்கணும். பிள்ளைக்கு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க. விஷம் வீட்டுக்குள்ளேயே இருக்கு. எடுக்கலைன்னா அந்தச் சுத்தியல் எங்க? அதைச் சொல்லட்டும் பார்ப்போம்!"

சின்னவன் திகைத்துப்போனான். அதை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் தலைகளுக்கு மேலே என்னைத் தேடினான். கையைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினான்.

நான் எழுந்து நின்றேன். மயக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"பரண்மேல ஷூ பெட்டியில இருக்கு. நேத்துக் காலையில மாமா ஸ்கூட்டருக்குள்ள கிடைச்சுது. மாமாதான் எடுத்து வெச்சாரு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். கால் பட்டு ஒரு குடை கீழே விழுந்தது.

அப்போதாவது அந்த மனிதர் மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கையில் மைக் இருந்ததே. தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். வேண்டும்போது வரும் தண்ணீர் அது. "சபையாரே, கர்த்தர் இன்னிக்கு என்னை உடைக்கிறார்" என்றார். நேற்று கிடைத்தது உண்மைதானாம். பிள்ளையின் இருதயத்தைச் சோதிக்கவே ஒளித்து வைத்தாராம். பிள்ளை சோதனையில் ஜெயித்துவிட்டதாம். தகப்பன்தான் இன்னும் அதிகமாக ஜெபித்திருக்க வேண்டுமாம். முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைத் துடைத்தாள். ஆமென் என்று ஒரு குரல். பிறகு பத்துக் குரல். வெளியே வரும்போது, "எவ்வளவு தாழ்மை பாருங்க" என்று பாஸ்டரம்மா அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு மாமாவுக்குத்தான். விரிசல் விழுந்த டைலை இவர் வீட்டுக்குக் கொண்டுவருவது போல, சபையும் இவரைத் தட்டிப் பார்த்து, 'டொக்' என்று கேட்ட பிறகும் பதித்துக்கொண்டது.

சபைக்கு வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள் மட்டும் வாசலில் சின்னவனை நிறுத்தி, "சாயங்காலம் விளையாட வாடா கண்ணு" என்றாள். அவன் கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். பிறகு அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஊமைக்கோட்டான் நாளைக்கே மூட்டையைக் கட்டட்டும்."

"அவ போனா நான் வேலைக்குப் போக முடியாது" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த டோக்கன் எண்ணைச் சொல்வது போலச் சொன்னாள். மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு மூட்டையைப் பற்றிப் பேச்சில்லை.

ஏழு மணிக்கு வழக்கம்போல உட்கார்ந்தோம். பாட்டு ஆயிற்று, வசனம் ஆயிற்று. மாமா கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இன்னிக்கு நான்…"

அங்கேயே நின்றுவிட்டது. மீதி வாக்கியம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் அவருக்கு வாய் வரவில்லை. பெரியவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அக்கா இரண்டையும் திறந்து பார்த்தாள். மாமா விரல் முட்டியால் தரை டைலை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

சின்னவன் முட்டி போட்டபடியே நகர்ந்து அவர் பக்கத்தில் போனான். பரீட்சையில் விழிக்கிற நண்பனுக்கு உதவுகிறவனைப் போல, அவர் காதில் சொன்னான். ஐந்து வயது ரகசியம், வீடெல்லாம் கேட்டது.

"அப்பா, ஒண்ணும் கிடைக்கலயா? சித்திகிட்ட கேளுங்க. நல்லதா ஒண்ணு குடுப்பாங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மாமா ஆமென் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு யாரும் சுவரைப் பார்த்து நிற்கவில்லை.